மெஷினில் தண்ணீர் நிற்கிறதா? போர்டை மாற்றும் முன் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டின் முதல் மாடியில் இருக்கிறோம். ஏழு கிலோ ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின், வாங்கி ஆறு வருடம் ஆகிறது. முந்தாநாள் முதல் துவைத்து முடித்ததும் தண்ணீர் வெளியே போக மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரம் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வருகிறது, அப்புறம் திரையில் ஏதோ எழுத்து மின்னி பீப் அடிக்கிறது. கதவும் திறக்கவில்லை. பிள்ளைகளின் யூனிஃபார்ம் உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக் எதையும் கழற்றாமலே, “போர்டு போயிடுச்சும்மா, மாத்தணும்” என்று பெரிய தொகை சொல்லி, பாதியை முன்பணமாகக் கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா, சிங்க் அடைப்புக்குப் போடுகிற பவுடரைப் போட்டு வெந்நீர் ஊற்றச் சொல்கிறார். மாமியாரோ புது மெஷினே வாங்கிவிடலாம் என்கிறார். எங்களுக்கு போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். அதனால் கெட்டுப்போயிருக்குமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, இப்போதைக்கு இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். அந்தப் பவுடரை மெஷினுக்குள் கொட்டாதீர்கள். போர்டுக்கு, அதாவது மெஷினை இயக்கும் மின்னணு அட்டைக்கு, முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்திலேயே எனக்கு ரொம்பவும் உபயோகமான தகவல் அந்த ‘ம்ம்ம்’ சத்தம்தான். ஃப்ரண்ட் லோட் மெஷினில் தண்ணீர் தானாக இறங்கிப் போவதில்லை. டிரம்முக்குக் கீழே, தரையை ஒட்டி, சின்னதாக ஒரு டிரெயின் பம்ப் இருக்கிறது. டிரம்மைச் சுற்றும் பெரிய மோட்டார் வேறு, இது வேறு. முப்பது நாற்பது வாட் எடுக்கும் சிறிய பம்ப். போர்டு கரண்ட் அனுப்பியதும் இதன் முனையில் உள்ள விசிறி சுற்றி, அழுக்குத் தண்ணீரைப் பின்பக்க ஹோஸ் வழியாக மேலே தள்ளி வெளியேற்றும். விசிறியில் ஏதாவது சிக்கிக்கொண்டால், கரண்ட் வந்தும் சுற்ற முடியாமல் உறுமும். மிக்ஸி ஜாரில் தேங்காய்ச் சில்லு மாட்டிக்கொண்டால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. ஆக, உறுமல் கேட்கிறது என்றால் போர்டிலிருந்து பம்ப்புக்குக் கரண்ட் போகிறது. பம்ப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருளும் (காயில்) எரிந்துபோகவில்லை. போர்டு போயிருந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில் சத்தமே இருந்திருக்காது. கீழே இருக்கும் சின்ன மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் ஒருவர் போர்டு என்று சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன், நீங்களும் ஏற்க வேண்டாம்.

திரையில் மின்னும் எழுத்தும் போர்டைக் குறை சொல்லவில்லை. எல்ஜி மெஷினில் ஓஈ (OE), சாம்சங்கில் 5ஈ (5E) அல்லது 5சி (5C), பாஷில் ஈ18 (E18) என்று வருவதெல்லாம் ‘இவ்வளவு நேரத்துக்குள் போயிருக்க வேண்டிய தண்ணீர் போகவில்லை’ என்பதை மட்டும்தான் சொல்கின்றன. ஏன் போகவில்லை என்பதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் டிரம்மிலிருந்து கிளம்பி தரைத் துளைக்குப் போகும் வழி மொத்தம் சில அடிதான். அந்த வழியில் ஏதோ ஓர் இடத்தில் தடை இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. சில வீடுகளில் வயரிங்கை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், ஸ்விட்சை அணைத்த பிறகும் மெஷினுக்குள் கரண்ட் இருக்கும். தண்ணீர் தரையில் பரவப்போகிற வேலை இது, அதனால் இதில் சமரசமே கூடாது. காய்ந்த கையால் பிளக்கைப் பிடுங்குங்கள், ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடந்தால் மேலே எடுத்து வைத்துவிடுங்கள். சூடான தண்ணீரில் துவைக்கப் போட்டு இப்போதுதான் நின்றது என்றால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அறுபது டிகிரி தண்ணீர் கையில் பட்டால் கொப்பளித்துவிடும். உங்கள் மெஷினில் தண்ணீர் நின்று நாளாகிவிட்டது, அந்தப் பயம் இல்லை. இன்னொன்று, தண்ணீரைக் கொட்டுவதற்காக மெஷினைச் சாய்க்காதீர்கள். உள்ளே கான்கிரீட் எடைக்கட்டிகள் இருப்பதால் அது அறுபது எழுபது கிலோ கனக்கும். சாய்த்தால் காலில் விழலாம், உள்ளே இருக்கும் மின்பாகங்களிலும் தண்ணீர் ஏறலாம்.

முதலில் ஹோஸ். மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். சர்வீஸ் ஏரியா குறுகலாக இருக்கும் நம்மூர் அபார்ட்மென்ட்களில் மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைக்கிறோம். ஸ்பின் ஆகும்போது அது அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, தன் ஹோஸைத் தானே நசுக்கிக்கொள்ளும். மடங்கியிருந்தால் நிமிர்த்துங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடலாம். மடிப்பு இல்லை என்றால், ஹோஸின் முனையைத் துளையிலிருந்து எடுத்து, பின்பக்க கிளிப்பிலிருந்தும் கழற்றி, மெதுவாகத் தரைமட்டத்துக்கு இறக்கி ஒரு தட்டையான பாத்திரத்தில் விடுங்கள். பம்ப் ஓடாவிட்டாலும் மட்டம் கீழே போனால் தண்ணீர் அதன் வழியாகத் தானே வழிய வேண்டும். தடையில்லாமல் கொட்டினால் அடைப்பு மெஷினுக்குள் இல்லை, வீட்டுக் குழாயில் இருக்கலாம். சொட்டுச் சொட்டாக வந்தாலோ வரவே இல்லை என்றாலோ அடைப்பு உள்ளேதான். சில மாடல்களில் ஹோஸ் உடம்புக்குள்ளேயே மேலே ஏறி வெளியே வருவதால் இந்தச் சோதனை பலிக்காது. அப்படியிருந்தால் நேரே ஃபில்டருக்கு வாருங்கள்.

மெஷினின் முன்பக்கம், அடியில், பெரும்பாலும் வலது மூலையில் ஒரு சதுர மூடி இருக்கும். நகத்தாலோ ஒரு ரூபாய் நாணயத்தாலோ நெம்பினால் திறக்கும். சில மாடல்களில் அடிப்பலகை முழுவதையுமே கழற்ற வேண்டும். உள்ளே கைப்பிடி வைத்த உருண்டையான திருகுமூடிதான் பம்ப் ஃபில்டர். அதன் பக்கத்தில் விரல் கனத்தில் ஒரு சின்ன ரப்பர் குழாய், முனையில் அடைப்பானோடு இருந்தால் உங்களுக்கு வேலை சுலபம். அதை வெளியே இழுத்து, கீழே தாம்பாளமோ விளிம்புள்ள தட்டோ வைத்து, அடைப்பானை எடுங்கள். பிளாஸ்டிக் குப்பை முறம்கூட நன்றாகப் பயன்படும், தரைக்கும் குழாய்க்கும் இடையே இருக்கும் கொஞ்ச இடத்தில் அது நுழைந்துவிடும். தட்டு நிறைந்ததும் அடைப்பானை மாட்டி, கொட்டிவிட்டு வந்து திரும்பவும் பிடியுங்கள். ஒரு பக்கெட்டுக்குக் குறையாமல் வரும், துணிகள் குடித்து வைத்திருக்கும் தண்ணீரும் மெல்ல மெல்லக் கசிந்து வரும். இடுப்பு வலிக்கும், பொறுமை வேண்டும். பழைய வேட்டியையோ துண்டையோ சுற்றிப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அந்தச் சின்னக் குழாய் இல்லாத மாடல் என்றால் ஃபில்டரையே இடப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஓரத்தில் தண்ணீர் கசிய ஆரம்பிக்கும். தட்டு நிறைந்தால் இறுக்கி, கொட்டிவிட்டு மறுபடியும் தளர்த்துங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கழற்றினால் அவ்வளவு தண்ணீரும் ஒரே வேகத்தில் வெளியே வந்து ஹால் வரை போய்விடும். கசிவு நின்ற பிறகுதான் முழுவதும் கழற்ற வேண்டும்.

கழற்றியதும் நாற்றம் அடிக்கும், அது இயல்பு. ஃபில்டரில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருப்பது நூல் பிசிறும் சோப்பும் முடியும் சேர்ந்த கசடு. அதற்குள் என்ன இருக்கும் என்பதை நான் பார்த்தவரை சொல்கிறேன்: சட்டைப்பை நாணயம், ஹேர்பின், சேலைக்குக் குத்தும் ஊக்கு, ஜாக்கெட் கொக்கி, சட்டைப் பொத்தான், ரப்பர் பேண்ட், குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், கூழாகிப்போன பஸ் டிக்கெட், உள்ளாடையிலிருந்து கழன்று வந்த கம்பி. நம்மூருக்கே உரிய இன்னொன்றும் உண்டு. மல்லிகைச் சரம் கட்டிய வாழை நாரும் நூலும். தலையில் வைத்த பூ துப்பட்டாவிலோ தலையணை உறையிலோ உதிர்ந்து, நாரோடு மெஷினுக்குள் போய்விடுகிறது. பூ கரைந்துவிடும், நார் கரையாது. அது பம்ப் விசிறியின் தண்டில் சுற்றிக்கொண்டு முடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நாணயம் மாட்டினாலாவது கடகடவென்று சத்தம் கேட்கும். நார் சுற்றினால் நீங்கள் சொன்ன ‘ம்ம்ம்’தான்.

கசடை அப்படியே குப்பையில் போடாமல் ஒரு வடிகட்டியில் போட்டு அலசிப் பாருங்கள். காணாமல் போன கம்மல் திருகாணி, மூக்குத்தித் திருகு எல்லாம் இங்கேயிருந்து கிடைத்த வீடுகள் உண்டு. வேலைக்காரம்மா மீது சந்தேகப்பட்ட வீட்டில்கூட அது ஃபில்டருக்குள் இருந்தது.

ஃபில்டரைக் குழாயடியில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, அது இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பலர் ஃபில்டரைக் கழுவியதோடு நின்றுவிடுகிறார்கள், உண்மையான தடை அந்தக் குழியின் கடைசியில் இருக்கிறது. அங்கே சிறிய விசிறி தெரியும். பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, விரலாலோ மரக்குச்சியாலோ அதைச் சுற்றிப் பாருங்கள். உடைந்த ஊக்கு முனை குத்தக்கூடும், கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். விசிறி வழுக்கிக்கொண்டு சுற்றாது, விட்டு விட்டு, சொடுக்குச் சொடுக்காக நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும், கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். அசையவே மறுத்தால் அடியில் நாரோ முடியோ சுற்றியிருக்கிறது. புருவம் பிடுங்கும் இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், கத்தரிக்கோலை உள்ளே விட்டு வெட்டாதீர்கள். பக்கவாட்டில் டிரம்மிலிருந்து வரும் துளையிலும் விரலை விட்டுப் பாருங்கள். கைக்குட்டை அங்கே உருண்டு அடைத்துக்கொண்டிருக்கும்.

திரும்ப மாட்டும்போது ஃபில்டரின் ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மரை ஏறாமல் கோணலாகத் திருகினால் துவைக்கும்போது ஒழுகும். இறுக்கியபின் சோப்பு போடும் டிராயர் வழியாக ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஹோஸை அதன் உயரத்திலேயே ஒரு பக்கெட்டுக்குள் விட்டு, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பிளக்கை மாட்டி ‘ஸ்பின்’ அல்லது ‘டிரெயின்’ மட்டும் போடுங்கள். பக்கெட்டில் வேகமாகக் கொட்டினால் உங்கள் மெஷின் பிழைத்துவிட்டது.

கதவுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. தண்ணீர் மட்டம் இறங்கி, கரண்ட்டை எடுத்துச் சில நிமிடம் ஆனதும் பூட்டு தானே விடுபடும். கைப்பிடியைப் பலமாக இழுத்து உடைத்துக்கொள்ளாதீர்கள், அது தேவையில்லாத இன்னொரு செலவு. சில மாடல்களில் ஃபில்டர் மூடிக்குள்ளேயே அவசரத்துக்குக் கதவைத் திறக்கும் இழுப்பு நாடா வைத்திருக்கிறார்கள். யூனிஃபார்மை எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி ஒரு முறை துவைத்து வெயிலில் போடுங்கள், வாடை போய்விடும்.

பக்கெட்டில் நன்றாகக் கொட்டுகிறது, ஆனால் ஹோஸைத் துளையில் விட்டால் தண்ணீர் திரும்பி வருகிறது, தரையெல்லாம் நிறைகிறது என்றால் மெஷினைத் தொடவே வேண்டாம். உங்கள் வீட்டுத் தரைத் துளைக்கு அடியில் இருக்கும் நஹானி டிராப்போ அதற்குப் பின்னால் போகும் குழாயோ அடைத்திருக்கிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள். முதல் மாடியில் இருப்பதால் கீழ்வீட்டிலும் கேளுங்கள், அவர்களுக்கும் தண்ணீர் மெதுவாகப் போகிறது என்றால் அபார்ட்மென்ட்டின் பொதுக்குழாயில் அடைப்பு. செப்டிக் டேங்க் உள்ள கட்டடத்தில் டேங்க் நிரம்பினாலும் இதே கதைதான். தெருவின் பாதாள சாக்கடை பொங்கினால் சென்னைக் குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916. மழைக்காலத்தில் தரைத்தளத்து வீடுகளுக்கு இது அடிக்கடி வருகிறது. மெக்கானிக்கை வரவழைத்துக் காசு கொடுத்தபின் ‘மெஷின் நல்லாத்தான் இருக்கு’ என்று கேட்பதற்குப் பதிலாக, ஒரு பக்கெட்டை வைத்து நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

ஹோஸின் முனை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதிலும் பலருக்குக் குழப்பம். ஃப்ரண்ட் லோடுக்குப் பொதுவாகத் தரையிலிருந்து அறுபது முதல் நூறு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும். தரையிலேயே கிடந்தால் உள்ளே வரும் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ரொம்ப உயரமாகப் போனால் பம்ப் திணறும். குழாய்க்குள் ஆழமாகச் செருகி டேப் சுற்றி அடைப்பதும் தவறு, காற்று போக இடம் வேண்டும்.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக் தேவைதான். விசிறி கையால் சுற்றுகிறது, கரண்ட் கொடுத்தால் மட்டும் உறுமுகிறது என்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது, பம்ப்பை மாற்ற வேண்டும். அதைப் போர்டு விலையோடு ஒப்பிடவே முடியாது, அவ்வளவு குறைவு. உறுமல்கூட இல்லாமல் அமைதியாக இருந்தால் போர்டைச் சந்தேகிக்கும் முன் எலியைச் சந்தேகிக்கச் சொல்லுங்கள். நம்மூரில் பல மெஷின்களின் அடிப்பக்கம் திறந்தே கிடக்கிறது, எலி உள்ளே ஏறி பம்ப்புக்குப் போகும் வயரையும் ஹோஸையும் கடித்துவிடுகிறது. துண்டான ஒரு வயரை ஒட்டுப்போட்டால் முடிகிற வேலைக்குப் போர்டை மாற்றியவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். சரிசெய்த கையோடு அடியில் எலி ஏறாதபடி வலை அடித்துவிடுங்கள். தண்ணீர் முழுக்கப் போய்விட்டது, ஆனாலும் மெஷின் தண்ணீர் இருக்கிறது என்றே நினைத்துக் கதவைத் திறக்க மறுத்தால், நீர்மட்டத்தை அறியும் சென்சாருக்குப் போகும் மெல்லிய டியூபில் கசடு அடைத்திருக்கலாம். அதை ஊதிச் சுத்தம் செய்வது தெரிந்தவருக்குச் சின்ன வேலை.

இப்போது பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பவுடர். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் இது ஆபத்து. சிங்க் அடைப்புக்கான பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். நாணயத்தையோ ஊக்கையோ வாழை நாரையோ அசைக்காது. அதே சமயம் டிரம்மின் முதுகில் அதைத் தாங்கி நிற்கும் மூன்று கை கொண்ட பாகம் அலுமினியக் கலவையில் வார்த்தது, அதைக் காஸ்டிக் அரித்துத் தின்னும். பின்னால் ஒருநாள் ஸ்பின் ஆகும்போது அது முறிந்தால் மெஷினே முடிந்தது. அதைவிட எனக்குக் கவலை மனிதரைப் பற்றி. தண்ணீர் வெளியேற வழியில்லாத மெஷினில் காஸ்டிக்கைக் கலந்துவிட்டால், அடுத்து ஃபில்டரைத் திறப்பவரின் கையிலும் கண்ணிலும்தான் அது தெறிக்கும். அந்தத் தண்ணீரில் ஊறிய யூனிஃபார்மைப் பிள்ளைகள் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கழிவறை ஆசிட்டும் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம்மை அது கெடுக்கும், பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இதைப் படிக்கும் யாராவது ஏற்கெனவே பவுடரைப் போட்டுவிட்டிருந்தால், அதை முறிக்கிறேன் என்று வேறு எதையும் ஊற்றாதீர்கள். மெஷினை அப்படியே விட்டு, வரும் மெக்கானிக்கிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள்.

உப்புத் தண்ணீரால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியாக இல்லை, ஆனால் அதற்கும் பங்கு உண்டு. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான கசடாக மாறும். நல்ல தண்ணீரில் அலசிப் போய்விடுகிற நூல் பிசிறு, இந்தக் கசடில் ஒட்டி ஃபில்டரில் களிம்பாகப் படியும். நுரை வரவில்லையே என்று பவுடரை இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போடுவோம், கசடு இன்னும் கூடும். டேங்கர் லாரித் தண்ணீர் வந்த நாளில் அதே அளவு போட்டால் நுரை பொங்கும். நுரையைப் பம்ப்பால் தள்ள முடியாது, விசிறி நுரையில் வெறுமனே சுற்றும், தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஃப்ரண்ட் லோடுக்கென்று உள்ள, நுரை குறைவான லிக்விட் வாங்குங்கள், எந்தத் தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்த்து அளவை மாற்றுங்கள். டீஸ்கேலிங் பவுடர் ஹீட்டரில் படியும் உப்புக்கு நல்லது, அதைத் துணியில்லாமல் தனியாக ஓட்ட வேண்டும். இப்போதைய அடைப்புக்கு அது மருந்தல்ல.

இனிமேல் மாதம் ஒருமுறை ஃபில்டரைத் திறந்து கழுவுங்கள். புதுத் துண்டு, புதுப் போர்வை துவைத்த வாரத்தில் கூடுதலாக ஒருமுறை. குழந்தைகளின் சாக்ஸ், கைக்குட்டை, உள்ளாடைகளை வலைப்பையில் போட்டு ஜிப்பை மூடித் துவையுங்கள். துவைக்கும் முன் சட்டைப்பைகளைத் திருப்பிப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், கிடைக்கும் காசு அவர்களுக்கு என்றால் ஒரு பை தப்பாது.

டாப் லோட் வைத்திருப்பவர்களுக்கும் சுருக்கமாக ஒன்று. அந்த மெஷின்களில் பலவற்றில் பம்ப் கிடையாது, அடியில் ஒரு வால்வு திறந்து தண்ணீர் தானாகவே வழிந்து போகும். அதனால் ஹோஸ் தரையோடு படுத்திருக்க வேண்டும். திண்டு மேல் ஏற்றி விட்டால் போகாது. செமி ஆட்டோமேட்டிக்கில் டிரெயின் குமிழைத் திருப்பும்போது உள்ளே வால்வைத் தூக்கும் பட்டை அறுந்தாலும், வால்வில் பொத்தான் மாட்டினாலும் இதே தொல்லை வரும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நனைந்த மாதிரி, மெஷின் மழைத் தண்ணீரில் நின்றிருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பிளக்கை மாட்டிச் சோதிக்கவே கூடாது, முழுக்கக் கழற்றிக் காயவைத்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

மாமியாரிடம் சொல்லுங்கள், இந்தக் காரணத்துக்காகப் புது மெஷின் வாங்க வேண்டியதில்லை. டிரம் ஆடுகிறது, ஸ்பின்னில் விமானம் பறப்பது போல் இரைச்சல், அடியில் துரு ஏறித் தண்ணீர் ஒழுகுகிறது என்றால் அப்போது யோசிக்கலாம். ஆறு வருட மெஷின் அடைப்புக்காகக் கழிக்கிற வயதில் இல்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடுவதாக இருந்தால், எண்ணை வாரண்டி அட்டையிலோ மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கம்பெனியின் சொந்த இணையதளத்திலோ பார்த்து எடுங்கள். இணையத்தில் தேடும்போது மேலே வரும் ‘கஸ்டமர் கேர்’ எண்களில் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாதவையும் இருக்கின்றன. ‘மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி’ என்று இருந்தால் அது பொதுவாக டிரம்மைச் சுற்றும் மோட்டாருக்கு, டிரெயின் பம்ப்புக்கு அல்ல. அதனால் இதற்குப் பணம் கேட்டால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். போர்டு என்றோ பம்ப் என்றோ அவர் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் கோபப்பட மாட்டார், மல்டிமீட்டரை வைத்துப் பம்ப்புக்குக் கரண்ட் வருகிறதா, காயில் நன்றாக இருக்கிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டுவார். பாகத்தை மாற்றினால் பழையதை உங்களிடமே தரச் சொல்லுங்கள், பில்லில் புதுப் பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி என்று எழுதி வாங்குங்கள். செய்யாத வேலைக்குப் பணம் வாங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

நாளைக் காலை, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு ஃபில்டர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் போதும். விசிறி சுற்றியும் தண்ணீர் போகவில்லை என்றால், மெஷினின் மாடல் எண்ணையும், ஃபில்டர் குழிக்குள் தெரிவதை ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். மெக்கானிக் வருவதற்கு முன்பே, எந்தப் பாகமாக இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.